அரைக் குளிசையும் அம்மாவின் கோபமும்

கேள்வி: நாங்கள் சாம்பல்தீவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை திருகோணமலை நகரத்துக்கு பஸ்ஸில் தனியாகவே கிளினிக்குக்குப் போய் வருவார். போன முறை பிரஷர் குளிசை உறையில் ‘1/2’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். ஐந்தாம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி அப்படியே இருந்துவிட்டார். மாதத்துக்குரிய 15 குளிசையும் அன்றோடு தீர்ந்துபோயிற்று. “ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?” என்று ஏசிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தினமும் பத்திரிகை வாசிக்கும் மனுஷிக்கு இது எப்படிப் புரியாமல் போயிற்று, அக்கா? இனி நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இன்றே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அரைக் குளிசைக்குப் பதிலாக நாளுக்கு மூன்று, அதாவது ஆறு மடங்கு, ஐந்து நாள் போட்டிருக்கிறார். இப்போது குளிசையே இல்லாமல் இருக்கிறார். இரண்டுமே ஆபத்து. எத்தனை போட்டார், எத்தனை நாள் போட்டார் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. அம்மா உறையைச் சரியாகத்தான் வாசித்தார். ஒன்று, ஒரு கோடு, இரண்டு. நாள் தவறாமல் பத்திரிகை வாசிப்பவருக்கும் அந்தக் கோடு ‘பாதி’ என்று சொல்லாது. ‘அரை’ என்று இரண்டே எழுத்து எழுதியிருந்தால் அவர் கிணற்றடியில் இருந்திருக்க மாட்டார். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, நொக்டே என்றால் இரவு. இவை லத்தீன் மொழியிலிருந்து வந்த குறிகள், மருத்துவர்களும் மருந்தாளர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. அது அப்படியே நோயாளியின் கைக்கு வருவதுதான் பிழை. பிழை அம்மாவுடையது இல்லை என்பதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாசிப்பது வேறு, விளங்குவது வேறு. 2006இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்துப் போத்தல்களின் லேபல்களை வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘இரண்டு குளிசை வீதம், நாளுக்கு இரண்டு தடவை’ என்ற வரியை, வாசிப்பில் பின்தங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 71 பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்குரியதை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் 35 பேர்தான்.

ஆகவே “விளங்கிச்சுதா?” என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். விடியற்காலையில் வந்து வரிசையில் நின்று களைத்தவர், பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது மருந்து யன்னலில் “இல்லை” என்று சொல்வாரா? அதற்குப் பதிலாக அம்மாவுக்கு ஒரே ஒரு வசனத்தைப் பழக்குங்கள்: “மிஸ், நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். இது காலையில் பாதி, இது இரவு சாப்பிட்ட பிறகு ஒன்று.” அரை நிமிடம்கூட ஆகாது. கொடுப்பவரே திருத்திவிடுவார். தமிழில் எழுதித் தரும்படி கேட்கவும் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. கேட்பது சலுகை அல்ல.

இன்னொன்று. என் மாமியாரின் சீனிக் குளிசை உறையில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று நல்ல தமிழில்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் பகல் முழுவதும் விரதம். சாப்பாடு இல்லாத நாளில் என்ன செய்வது? வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள் கை நடுங்கி, உடம்பு வியர்த்துக் கொட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சில சீனிக் குளிசைகள் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். உங்கள் வீட்டிலும் விரதம் உண்டென்றால், இன்றைக்கே வைத்தியரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

உறைகளில் நீங்களே சூரியனும் நிலாவும் வரைந்து, பாதி என்றால் அரை வட்டம் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் வைக்க வேண்டாம். ஒரே மருந்து அடுத்த மாதம் வேறு நிறத்தில் வரக்கூடும்.

இன்று வீட்டுக்குத் திரும்பியதும் குளிசைகளை ஒரு தட்டில் கொட்டி அம்மாவின் பக்கத்தில் இருங்கள். “நான் ஏசியது பிழை, அம்மா. நாளைக்குரியதை நீங்கள் எடுத்து வையுங்கள், நான் பார்த்துப் பழகுகிறேன்” என்று சொல்லுங்கள். அவர் எடுத்து வைக்கட்டும். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டிருங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கிளினிக் கொப்பியோடு அந்த ‘1/2’ உறையையும் எடுத்துப்போய் யன்னலில் காட்டுங்கள். அதை எழுதியவரும் பார்க்க வேண்டும்.