மியூனிக்கில் வாடகைக் கார்: 14,500 ரூபாய் ‘டோல் பாஸ்’ வாங்கலாமா?

கேள்வி: அக்டோபர் நடுவில் ஒன்பது நாள் பயணம். மியூனிக்கில் கார் எடுத்து கோனிக்ஸே ஏரி, பிறகு ஆஸ்திரியாவில் கோலிங் அருவி, ஹோஹன்வெர்ஃபன் கோட்டை, ஹால்ஷ்டாட் பார்த்துவிட்டு மியூனிக் திரும்புகிறோம். ‘ஐரோப்பா முழுக்கச் செல்லும் டோல் பாஸ்’, ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ இரண்டுக்கும் சேர்த்து டிராவல்ஸ்காரர் 14,500 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். ஐரோப்பா முழுக்கச் செல்லும் டோல் பாஸ் என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியின் விரைவுச்சாலைகளில் கார்களுக்குச் சுங்கமே இல்லை. ஆஸ்திரியாவில் ஆட்டோபான் எனப்படும் விரைவுச்சாலைகளில் ஓட ‘வின்யெட்’ என்ற சாலை அனுமதி வேண்டும். நம் ஃபாஸ்டேக் மாதிரி சாவடிக்குச் சாவடி பணம் கழியாது. இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். உங்களுக்குப் பத்து நாள் வின்யெட் போதும். விலை 13 யூரோவை ஒட்டி இருக்கும். ஆண்டு பிறந்தால் கொஞ்சம் ஏறும்.

இந்த வின்யெட் காரின் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டது. உங்களுக்கு எந்தக் கார் வரும் என்பது மியூனிக் கவுண்டரில் சாவி கைக்கு வரும்போதுதான் தெரியும். பிளேட் எண்ணே தெரியாமல் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அவர் எதை வாங்கிக் கொடுப்பார்? பணத்தை வாங்கிவைத்துக்கொண்டு, நீங்கள் வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்பியதும் அதே 13 யூரோ வின்யெட்டை வாங்கி அனுப்புவார், அவ்வளவுதான். இணையத்தில் தேடினாலும் மேலே வருபவற்றில் பல, ‘சேவைக் கட்டணம்’ சேர்த்து விற்கும் இடைத்தரகர் தளங்கள். ஆஸ்திரிய விரைவுச்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ மட்டும் வாங்குங்கள்.

வாங்கும் முன் காருக்கு ஏற்கெனவே வின்யெட் இருக்கிறதா என்று பிளேட் எண்ணைப் போட்டு அங்கேயே பார்க்கலாம். இல்லையென்றால் வண்டி நிறுத்துமிடத்திலேயே, பிளேட்டை நேரில் பார்த்துப் பதியுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, நாடு: ஓட்டப்போவது ஆஸ்திரியாவில் என்பதால் ஆஸ்திரியா என்று போட்டுவிடுவார்கள், கார் பதிவான நாடு ஜெர்மனி. இரண்டு, ‘ஓ’வும் பூஜ்யமும். ஜெர்மன் பிளேட்டில் முதலில் ஊர் எழுத்து, அடுத்து ஒன்றிரண்டு எழுத்து, கடைசியில் எண். எழுத்து வரும் இடத்தில் வட்டம் இருந்தால் அது ‘ஓ’, எண் வரும் இடத்தில் இருந்தால் பூஜ்யம். மியூனிக்கில் எடுத்த காரில் ஹாம்பர்க் எழுத்து இருந்தாலும் திகைக்க வேண்டாம். வழியில் கார் பழுதாகி வேறு கார் கொடுத்தால் புது வின்யெட் வாங்க வேண்டும்.

‘எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் இலவசம்’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பலர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். 2019 டிசம்பர் 15 முதல் ஏ 1 சாலையில் வால்ஸர்பெர்க் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் நோர்ட் வெளிவழி வரை வின்யெட் தேவையில்லை. அந்தப் பகுதியில் இலவசம் அந்த ஒரு சாலைக்கு மட்டும்தான். அதன் நடுவில் ஏ 10 தெற்கே பிரிகிறது. அந்தப் பிரிவில் திரும்பியதுமே வின்யெட் வேண்டும். முதல் வெளிவழியான சால்ஸ்பர்க் ஸூட்டில் இறங்கினாலும் வேண்டும். இதில் வேடிக்கை, மியூனிக்கிலிருந்து கோனிக்ஸே போவது ஜெர்மனிக்குள்ளேயே நடக்கும் பயணம். வழிகாட்டிச் செயலியோ சில நிமிடம் மிச்சம் என்று எல்லை தாண்டி ஏ 10-இல் நுழைத்து, சால்ஸ்பர்க் ஸூட்டில் இறக்கி, திரும்ப ஜெர்மனிக்குள் விடும். அதைத் தவிர்க்க, மியூனிக்கிலிருந்து வரும் ஏ 8-இல் பாட் ரைஹன்ஹால் வெளிவழியில் இறங்கி பி 20 சாலையைப் பிடியுங்கள். ஹால்ஷ்டாட்டுக்கும் இப்படித்தான்: பி 158 வழியாக பாட் இஷ்ல் போனால் வின்யெட் வேண்டாம், ஏ 1-இல் சால்ஸ்பர்க் நோர்ட்டைத் தாண்டினால் வேண்டும். கேமரா பிடித்தால் அபராதம் நூறு யூரோவுக்கு மேல். வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கொரு கட்டணத்தையும் உங்கள் கார்டில் எடுக்கும். 13 யூரோ மிச்சம் பிடிக்க இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? கோலிங்குக்கும் ஹோஹன்வெர்ஃபனுக்கும் எப்படியும் ஏ 10 தான் சௌகரியம். அதே சாலையில் இன்னும் தெற்கே உள்ள டாவர்ன் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் வழியில் அது வராது.

இனி லைசென்ஸ். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைத் தரும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குத்தான். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். கிடைப்பது ஒரு சிறு புத்தகம். பளபளப்பான பிளாஸ்டிக் கார்டோ பி.டி.எஃப்.போ பத்து வருடம் செல்லும் என்று யாராவது நீட்டினால் அது போலி. உண்மையான அனுமதி அதிகபட்சம் ஓராண்டுதான். விண்ணப்பிக்கும்போது விசாவோ மருத்துவச் சான்றோ கட்டாயமில்லை என்று 2021-லேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. இருந்தும் ‘விசா வந்ததும் வாங்க’ என்று திருப்பி அனுப்பும் கவுண்டர்கள் இருக்கின்றன. ஏஜென்டுகளின் பிழைப்பே அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது. அந்தத் திருத்த அறிவிப்பின் நகலை எடுத்துப் போங்கள். ஒரு மாதம் முன்னதாகவே போங்கள். அசல் லைசென்ஸ் கார்டும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினால் அங்கே செல்லாது.

பயணத் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோனிக்ஸே படகுகள் ஏரியின் கடைக்கோடியான ஸாலெட் வரை அக்டோபர் நடுப்பகுதி வரைதான் போகும். பிறகு நடுவழியிலுள்ள ஸாங்க்ட் பார்த்தோலோமே வரைதான். ஸாலெட்டில் இறங்கி நடந்தால்தான் ஓபர்ஸே ஏரியும், அதற்கப்பால் 470 மீட்டர் ரோட்பாஹ் அருவியும். முதல் நாளே அங்கே போங்கள். ஸாலெட்டுக்குச் சாலை இல்லை, எனவே கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அருவியில் வெள்ளம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே சீசன் பனி உருகும் மே, ஜூன். இலையுதிர் காலத்தில் பாறையில் நூல் மாதிரிதான் வழியும். சுமார் 75 மீட்டர் உயரமுள்ள கோலிங் அருவியை ஏரிக்குப் போன மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு மலையும் பனித்துகளும் கொண்ட குறி இருக்கிறதா என்று கார் எடுக்கும்போது பாருங்கள். ஆஸ்திரியாவில் குளிர்கால டயர் விதி நவம்பர் 1-இல்தான் தொடங்கும். ஜெர்மனியில் தேதிக் கணக்கு இல்லை. அக்டோபரில் சாலையில் பனி கிடந்தாலும் அந்த டயர் வேண்டும். ஆஸ்திரியாவுக்குள் போவதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் பல இடங்களில் சாவி தரமாட்டார்கள்.