அலுமினியத்தில் கார்பன் சேர்க்கும் ஆய்வு: மகள் எதைப் படிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் கார்பன் நானோ குழாய்களால் (கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்கள்) அலுமினியத்தை வலுப்படுத்தும் ஆய்வில் ஈடுபட விரும்புவதாகவும், அதற்காக நானோ தொழில்நுட்பம் என்ற பெயருள்ள இளநிலைப் படிப்பையே பிடிவாதமாகக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆசை நல்லதே, பாதையை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளலாம்.

பாத்திரக் கடை நடத்தும் தங்களுக்கு அலுமினியம் எளிதில் நசுங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அந்த உலோகத்துக்கு எடை கூடாமல் வலுவேற்றுவதுதான் நோக்கம். ஆனால் 660 டிகிரி செல்சியஸில் உருகிய அலுமினியத்தில் கார்பன் துகளைத் தூவினால், அது உலோகத்தோடு ஒட்டாமல் மேலே மிதக்கும், அல்லது களி கிண்டும்போது மாவு கட்டி தட்டுவதைப்போலத் திரண்டுவிடும். விரிசல் தொடங்குவது அந்தக் கட்டிகளில்தான். சூடு மிகுந்தால் அலுமினியம் கார்பைடு என்னும் நொறுங்கும் சேர்மம் உருவாகி, பின்னர் ஈரம் பட்டுச் சிதையவும் செய்யும். உருக்காமல் இரண்டையும் பொடியாகவே பந்து ஆலையில் (உலோக உருண்டைகள் உருண்டு அரைக்கும் சுழல் உருளையில்) அரைத்துக் கலக்கும் முறையும் உண்டு. அதிகம் அரைத்தால் குழாய்களே உடைந்துவிடும். 1991-இல் ஜப்பானிய அறிவியலாளர் சுமியோ ஈஜிமாவின் கட்டுரையால் உலகறிந்த இந்தக் குழாய்களுடன் ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இவை அனைத்தும் உலோகவியல் கேள்விகள். ஆகவே கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் உலோகவியல் பிரிவை முதலில் வையுங்கள், ஜே.இ.இ. மதிப்பெண் இடம் கொடுத்தால் திருச்சி என்.ஐ.டி.யையும் பாருங்கள். மகளை வெளியூர் அனுப்பத் தயக்கம் என்றால் (தயக்கம் தங்களுக்கா, மகளுக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்) உள்ளூரிலேயே மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்து, கேட் தேர்வில் உலோகவியல் தாளை எழுதி முதுநிலைக்குப் போகலாம். கார்பனைத் தொட்டிருக்கும் அலுமினியம் ஈரத்தில் விரைவாக அரிபடும் என்பதால், அரிப்பியல் ஆய்வு நடக்கும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் பின்னாளில் பயன்படும்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: இளநிலை முடித்தவுடன் இந்த ஆய்வுக்கென்றே கிடைக்கும் பணிகள் மிகக் குறைவு. வார்ப்படம், வாகன உதிரிபாகம், தரப் பரிசோதனை ஆகியவற்றில்தான் பலரும் தொடங்குகிறார்கள். உலோகவியல் பட்டம் அங்கே செல்லுபடியாகும். நானோ என்ற பெயரை மட்டும் தாங்கிய பட்டத்துக்கு அங்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதியும் முன், கப்பலூர்ப் பக்கம் தெரிந்த வார்ப்படப் பட்டறை இருந்தால் மகளை அரை நாள் அழைத்துச் செல்லுங்கள். உருகிய உலோகத்தின் மேல் படியும் கசடை ஒருவர் கரண்டியால் வழிப்பதை அவர் பார்க்கட்டும். அந்த அனலிலும் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், பட்டியலைச் சேர்ந்தே தயாரிப்போம்.