வாசகர் கேள்வி: காவடி நாளில் கேமராவோடு

கேள்வி: மொரீஷியஸுக்கு வரும் பயணிகளைத் தைப்பூசக் காவடிக்குப் படம் எடுக்க அழைத்துப் போகிறேன். எல்லாரும் அலகு குத்துமிடத்தில் முண்டியடிக்கிறார்கள். படங்களிலோ முகம் கறுத்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முந்தின நாளே காவடி கட்டும் வீட்டுக்கு, கேட்டுக்கொண்டு, கூட்டிப்போங்கள். காவடிச் சட்டத்தில் பூவும் ஓலையும் கட்டும் கைகள், பக்கத்தில் பால் செம்பு: நிதானமாக எடுக்கலாம். அங்கே பேசிப் பழகியவர் மறுநாள் அலகு குத்தும் ஆற்றங்கரையில் அந்நியர் அல்ல. ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் எப்போதும் யாருடைய வழியையாவது மறிப்பார்.

'எஸ்கி மோ கபாவ் திர் என் போட்டோ?' (ஒரு படம் எடுக்கலாமா?) என்று இங்கே பேசும் கிரியோல் மொழியில் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அலகு குத்தும்போது மட்டும் கேட்கவே கூடாது. வேண்டுதலில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? குடும்பத்தாரிடம் முன்பே கேளுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

முகம் கறுப்பதற்குக் காரணம் சூரியன். ஜனவரி கடைசியில் நண்பகல் வெயில் இங்கே ஏறக்குறைய உச்சந்தலையில் விழும், கண்குழி நிழலாகிவிடும். காலை ஒன்பதுக்குள் ஊர்வல முகங்களை முடித்துவிடுங்கள். 35 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/500 நொடி. காவடி சுழலும்போது 1/125-இல் பூக்கள் கலங்கும். முகத்துக்கு ஒளி அளந்து எடுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். துடைத்தால் மறுபடி படியும்.