கர்ல் வழியாக ஜிரா: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில், உட்கார்ந்தபடியே, டீம் வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்கும் ஜிராவில் வேலை செய்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் பெரும்பாலும் ஜிரா கிளவுடு (ஜிராவை உருவாக்கிய அட்லாசியன் நிறுவனம் தானே ஆன்லைனில் ஓட்டும் ஜிரா) பற்றியவை, அதனால் பதில்களும் அதற்குத்தான். கருவிகள் இரண்டே: ஏபிஐக்கு (ஸ்கிரிப்டுகள் ஜிராவோடு பேசும் வாசல்) கோரிக்கை அனுப்ப கர்ல், திரும்பி வரும் ஜேசானிலிருந்து (டேட்டாவை அடுக்கி எழுதும் வடிவம்) வேண்டியதை எடுக்க ஜேக்யூ. இரண்டும் இலவசம்.

பிரவுசரிலேயே எல்லாம் செய்ய முடிகிறதே, கறுப்புத் திரையில் எதற்கு மேடம் கஷ்டப்பட வேண்டும்? (சென்னை, புராஜெக்ட் மேனேஜர்)

ஒரு டிக்கெட்டைத் திறந்து பார்க்க பிரவுசர்தான் வசதி, நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் திங்கட்கிழமைதோறும் மூன்று புராஜெக்ட்டுகளில் ஏழு நாளாக யாரும் தொடாத டிக்கெட்டுகளை எடுத்து, யார் பெயரில் எத்தனை என்று பிரித்து, மீட்டிங்குக்கு முன் அனுப்ப வேண்டும் என்றால்? பிரவுசரில் அரை மணி நேரம் போய்விடும், ஒரு ஃபில்டரை மாற்ற மறந்தால் கணக்கும் தப்பிவிடும். ஒருமுறை ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில், எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே முறையில் போகும். அந்தச் சீர்மைக்காகத்தான் நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

டோக்கன் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 401 வருகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது அக்கா. (கோவை, டெஸ்டர்)

401 என்றால் நீங்கள் யார் என்பதை சர்வர் ஏற்கவில்லை என்று அர்த்தம். முதலில், நீங்கள் கொடுப்பது பாஸ்வேர்டு இல்லையே? ஜிரா கிளவுடு ஏபிஐயில் பாஸ்வேர்டை ஏற்பதை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரி, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கணக்கில் உருவாக்கிக்கொள்ளும் ஏபிஐ டோக்கன். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சாவி.

அதெல்லாம் சரி என்றால், அதை அனுப்புவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாற்றியது எப்படி என்று பாருங்கள். எக்கோ கட்டளையில் மாற்றினால் அது கடைசியில் ஒரு புது வரிக் குறியையும் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்தும் டோக்கனோடு சேர்ந்து போகிறது, சர்வர் கதவைச் சாத்துகிறது. நீங்களே மாற்றாமல் கர்லின் 'யு' ஆப்ஷனிடம் விட்டுவிடுங்கள், அது ஒழுங்காகச் செய்யும். டோக்கன் காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது உருவாக்கும் டோக்கன்களுக்கு அதிகபட்சம் ஓர் ஆண்டுதான் ஆயுள்.

டோக்கனை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி கிட்டில் ஏற்றிவிட்டேன். பேஸ்64-ல் தானே இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். பேஸ்64 பூட்டு கிடையாது, எழுத்தை வேறு எழுத்தாக மாற்றி எழுதும் முறை மட்டுமே. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் திருப்பி எடுத்துவிடலாம். இதைப் படித்து முடிப்பதற்கு முன் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். ஃபைலை அழித்தாலும், பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

புது டோக்கனை உங்கள் ஹோம் ஃபோல்டரில் நெட்ஆர்சி என்ற ஃபைலில் வைத்து, நீங்கள் மட்டும் திறக்கும்படி 600 அனுமதி கொடுத்து, அதைப் படிக்கச் சொல்லி கர்லுக்கு 'என்' ஆப்ஷன் போடுங்கள். அப்போது ஸ்கிரிப்டிலும் டோக்கன் இருக்காது, நீங்கள் தட்டிய கட்டளைகளின் ஹிஸ்டரியிலும் இருக்காது.

தேடினால் 200 வருகிறது, பிழை எதுவும் இல்லை, ஆனால் பட்டியல் காலி. அதே ஜேக்யூஎல் (ஜிராவின் தேடல் மொழி) பிரவுசரில் 60 டிக்கெட் காட்டுகிறது. (திருச்சி, டெவலப்பர்)

இதுதான் ரொம்பப் பேரை அலைக்கழிக்கும் இடம். 401 வந்தால் கோளாறு எங்கே என்றாவது தெரியும். இங்கே சர்வர் உங்களை அடையாளம் தெரியாத ஆளாக எடுத்துக்கொண்டு, 'உனக்குக் காட்ட எதுவும் இல்லை' என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கும். தனி டிக்கெட்டைக் கேட்டாலும் இப்படித்தான், பார்க்க அனுமதி இல்லாத டிக்கெட்டுக்கு 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்று வரும். டிக்கெட்டையே யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதறிப் போவோம்.

அதனால் எந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது 'மைசெல்ஃப்' என்ற ஏபிஐ முகவரியைத்தான். நான் யார் என்று ஜிராவிடமே கேட்பது அது. உங்கள் பெயரும் மின்னஞ்சலும் திரும்பி வந்தால் மேலே போங்கள். வரவில்லையென்றால் ஜேக்யூஎல்லைக் குடைந்து பயனில்லை, சாவியைத்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் கர்ல் என்று அடித்தால் ஏதேதோ பாராமீட்டர் பிழை வருகிறது அக்கா. (மதுரை, இன்டர்ன்)

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-ல் கர்ல் என்பது வேறொரு கட்டளைக்கு வைத்த பட்டப்பெயர். பின்னால் டாட் இஎக்ஸ்இ சேர்த்து அடியுங்கள், அசல் கர்ல் வரும். 2018-லிருந்து விண்டோஸ் 10-லேயே அது இருக்கிறது. ஜேசானில் வரும் மேற்கோள் குறிகளின் தொல்லையும் அடுத்து வரும் தம்பி, அதற்கு முன்பே ஜேசானைத் தனி ஃபைலில் எழுதி, அதை அனுப்பச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்று வருடமாக ஓடிய ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றுவிட்டது. நான் எதையும் தொடவில்லை. (பெங்களூரு)

நீங்கள் தொடவில்லை, அட்லாசியன் தொட்டது. பழைய 'சர்ச்' முகவரியை 2025-ல் எடுத்துவிட்டார்கள், அதன் இடத்தில் 'சர்ச் ஜேக்யூஎல்' இருக்கிறது. முகவரியை மட்டும் மாற்றினால் போதாது. முன்பு எத்தனையாவதிலிருந்து வேண்டும் என்று எண் கொடுத்துப் பக்கம் பக்கமாக எடுத்தோம். இப்போது கடைசிப் பக்கம் தவிர ஒவ்வொரு பதிலோடும் அடுத்த பக்கத்துக்கான ஒரு டோக்கன் (உங்கள் ஏபிஐ டோக்கன் இல்லை, இது வேறு) வரும், அதைக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். மொத்தம் எத்தனை என்ற எண்ணும் இதில் வராது. எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்று நீங்கள் கேட்காவிட்டால் டிக்கெட்டின் ஐடி மட்டும்தான் வரும். தலைப்பு, பொறுப்பாளர், நிலை எல்லாம் காணோமே என்று ஜேக்யூவைத் திட்டாதீர்கள், அது பாவம்.

நிலையை 'முடிந்தது' என்று மாற்ற எத்தனையோ விதமாக முயன்றுவிட்டேன். மற்ற ஃபீல்டுகள் மாறுகின்றன, இது மட்டும் மாறவில்லை.

ஜிராவில் நிலை என்பது நேரடியாக எழுதும் ஃபீல்டு இல்லை. அது ஒரு அறை மாதிரி, உள்ளே போக அதற்கென்று கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பெயர் டிரான்சிஷன். முதலில் அந்த டிக்கெட்டின் 'டிரான்சிஷன்ஸ்' முகவரியைக் கேளுங்கள், இப்போது நிற்கும் இடத்திலிருந்து திறந்திருக்கும் கதவுகளும் அவற்றின் எண்களும் வரும். வேண்டிய எண்ணை அதே முகவரிக்கு போஸ்ட் கோரிக்கையாக அனுப்புங்கள். 'முடிந்தது' போவதற்கு 31 என்று வந்தால் அந்த 31-ஐ ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். வேறு புராஜெக்டில், வேறு வொர்க்ஃப்ளோவில் (நிலைகளும் கதவுகளும் அமைந்த வரிசை) அது வேறு எண்ணாக இருக்கலாம். பெயரைத் தேடி எண்ணை எடுக்க ஜேக்யூவில் ஒரு வரி போதும்.

இன்னொன்று. வேலை முடிந்தால் 204 வரும், உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. காலியாக வந்ததே என்று திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள்.

கமெண்ட் போட்டால் 400. வெறும் ஒரு வரி எழுத்துதான் அனுப்பினேன்.

400 என்றால் அனுப்பிய வடிவம் சரியில்லை என்று அர்த்தம். நீங்கள் கூப்பிட்டது ஏபிஐயின் மூன்றாம் பதிப்பு. அது வெறும் எழுத்தை ஏற்காது, பத்தி, வரி என்று அடுக்கிய ஆவண வடிவில் கேட்கும். இரண்டாம் பதிப்பு முகவரிக்கு அனுப்புங்கள், சாதாரண எழுத்தே போதும்.

300 டிக்கெட்டுகளில் ஒரே நேரத்தில் லேபிள் மாற்ற வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்? (சேலம், டீம் லீட்)

இதற்கு நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் புராஜெக்டில் திறந்திருப்பவை, ரிவ்யூவில் இருப்பவை இரண்டுக்கும் லேபிள் போட ஸ்கிரிப்ட் எழுதினேன். புராஜெக்ட் பெயர், ஆண்ட் (மற்றும்), திறந்த நிலை, ஆர் (அல்லது), ரிவ்யூ நிலை என்று வரிசையாக எழுதினேன், அடைப்புக்குறி போடவில்லை. ஜேக்யூஎல்லில் 'ஆண்ட்' என்பதற்குத்தான் முதல் உரிமை. ஆக என் கேள்வியின் அர்த்தம், 'எங்கள் புராஜெக்டில் திறந்தவை, அதோடு கம்பெனி முழுக்க எங்கெல்லாம் ரிவ்யூவில் இருக்கிறதோ அவை எல்லாம்' என்று ஆகிவிட்டது. முதல் நிமிடத்திலேயே வேறு மாடியிலிருந்து போன் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டின் மாற்ற வரலாற்றையும் ஏபிஐயிலேயே எடுத்து, நான் போட்டதை மட்டும் நீக்கி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து தேடும் ஸ்கிரிப்ட் தனி, மாற்றும் ஸ்கிரிப்ட் தனி. தேடியதை ஃபைலில் எழுதுவேன், வரிகளை எண்ணுவேன், டிக்கெட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் புராஜெக்ட் எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கண்ணால் பார்ப்பேன். மாற்றும் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை மட்டும்தான் படிக்கும். முதலில் ஒரு டிக்கெட், அதை பிரவுசரில் சரிபார்த்த பிறகு ஐந்து, அப்புறம்தான் மீதி. உங்களுக்கு அந்த புராஜெக்டில் அட்மின் உரிமை இருந்தால் 'நோட்டிஃபை யூசர்ஸ்' என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்து மின்னஞ்சலையும் நிறுத்தலாம். வேகமாக அனுப்பினால் 429 வரும், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். எவ்வளவு நேரம் என்று 'ரிட்ரை ஆஃப்டர்' ஹெடரில் வந்தால், கர்லின் ரிட்ரை ஆப்ஷன் அதைப் பார்த்துக் காத்திருக்கும்.

டிக்கெட் தலைப்புகள் தமிழில் இருக்கின்றன. சிஎஸ்வியாக எடுத்து எக்செல்லில் திறந்தால் புரியாத குறிகளாக வருகின்றன. (தஞ்சாவூர்)

டேட்டா நன்றாகத்தான் இருக்கிறது, அது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருப்பதை எக்செல் புரிந்துகொள்ளவில்லை. இருமுறை கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனுவில் சிஎஸ்வியை உள்ளே எடுக்கும் வழியில் போய் யூடிஎஃப்-8-க்கான எண்ணான 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பும் ஃபைல் என்றால் அவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அப்போது ஃபைலின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 அடையாளமான மூன்று பைட்டுகளை, பிஓஎம் என்பார்கள், ஸ்கிரிப்டே சேர்த்துவிடட்டும். டெர்மினலில் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் அது எழுத்துரு காட்டும் குறை, ஃபைலில் ஒன்றும் கெடவில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் காலை 6 மணிக்குப் போட்டால் வெறும் பிழைச் செய்தி மெயிலில் போகிறது. (யாழ்ப்பாணம்)

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரானுக்கு, நீங்கள் கட்டளை தட்டும் ஷெல்லின் அமைப்புகள் எதுவும் தெரியாது. டோக்கனை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்திருந்தால் அங்கே அது காலியாக இருக்கும். ஜேக்யூ இருக்கும் இடத்தையும் முழுப் பாதையாகக் கொடுங்கள். முக்கியமானது: 401 வந்தாலும், பதில் வந்துவிட்டதே என்று கர்ல் அதை வெற்றியாகவே கணக்கில் எடுக்கும். 'ஃபெயில்' ஆப்ஷன் சேர்த்தால்தான் தோல்வி என்று சொல்லும். அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும், மெயில் போக வேண்டாம்.