பரநகருக்குத் தனிப்படகு தேவையா?

கேள்வி: டிசம்பரில் மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் செல்கிறோம். ஹசார்துவாரி அரண்மனை உள்ள லால்பாகிலிருந்து தனிப்படகு அமர்த்தி, பரநகரின் சுடுமண் சிற்பக் கோயில்களைப் பார்த்துத் திரும்ப விரும்புகிறோம். உடன் வரும் தாயாருக்கு மூட்டுவலி உண்டு. இது சரிவருமா?

பதில்: பரநகரைத் தவறவிடாதீர்கள், தனிப்படகை மட்டும் கைவிடுங்கள். அவ்வூர் லால்பாகிற்கு வடக்கே, பாகீரதி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது. ஆறு தெற்கு நோக்கி ஓடுவதால் போகும்போது நீரோட்டத்தை எதிர்த்தே செல்ல வேண்டும். காலைப் பனிமூட்டம் விலகக் காத்திருந்து புறப்பட்டால், கோயில்களுக்கென்று மிஞ்சும் நேரம் குறைவு. வங்காளத்தில் டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை 5 மணியளவிலேயே மறைந்துவிடும் என்பதையும் நம்மூர்க்காரர்கள் கணக்கில் கொள்வதில்லை. சரிவான ஆற்றங்கரையில் படகிலிருந்து இறங்கி ஏறுவதும் உங்கள் தாயாருக்குக் கடினம்.

மாறாக, சாலை வழியாக ஜியாகஞ்ச் சென்று, சதர்காட் படகுத்துறையில் பொதுப்படகு ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரையின் அஜீம்கஞ்சை அடையலாம். அங்கிருந்து பரநகருக்குச் சில கிலோமீட்டர்தான். 'டோட்டோ' எனப்படும் மின்கல ரிக்‌ஷாவைக் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

நாட்டோர் என்னும் ஜமீனின் ராணி பவானி 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில்களில் முதலில் காண வேண்டியது சார் பங்களா. ஒரு முற்றத்தைச் சுற்றி, வங்காளக் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லில் வடித்ததுபோல் நான்கு சிவன் கோயில்கள். ஒவ்வொன்றிலும் மூன்று லிங்கங்கள். கல் கிடைக்காத வண்டல் நிலம் என்பதால், இராமாயணக் காட்சிகளும் கிருஷ்ண லீலைகளும் சுட்ட களிமண் பலகைகளிலேயே புடைப்புச் சிற்பங்களாக அமைந்தன. இத்தகைய ஆழமற்ற புடைப்புகள் சாய்ந்த வெயிலில்தான் துலங்கும். கிழக்கு நோக்கிய மேற்குக் கோயிலுக்குக் காலை வெயிலே ஏற்றது. வடக்குக் கோயில் தெற்கு நோக்கியிருப்பதால் குளிர்காலத்தில் அதற்குப் பகலின் பெரும்பகுதியும் வெளிச்சம் உண்டு. கிழக்குக் கோயிலில் இருப்பது சுண்ணச்சாந்து வேலைப்பாடு. அவசரப்படுபவர்கள் அதைக் கவனியாமலே திரும்பிவிடுகிறார்கள். எண்கோண வடிவிலான பவானீஸ்வர் கோயிலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஹசார்துவாரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைப் பரநகருக்கு வைத்துக்கொள்வது நல்லது. கொல்கத்தாவை ஒட்டிப் பராநகர் என்றொரு புறநகர் இருப்பதால், வண்டி பேசும்போதும் வரைபடத்தில் தேடும்போதும் அஜீம்கஞ்ச் அருகிலுள்ள பரநகர் என்றே குறிப்பிடுங்கள்.