பிப்ரவரி இரண்டு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தினமும் காலையில் பள்ளி வாசல் கரும்பலகையில் 'இன்று என்ன நாள்' என்று எழுதிப்போடுவது என் பொறுப்பு. பிப்ரவரி 2-க்குத் தேடியபோது தலை சுற்றிவிட்டது. உலக ஈரநில நாள், அமெரிக்காவில் கிரவுண்ட்ஹாக் நாள், பிரான்சில் க்ரேப் என்ற மெல்லிய தோசை சுடும் நாள், உகுலேலே என்ற குட்டி கிதாருக்கு ஒரு நாள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கண்டதற்கெல்லாம் ஒரு நாள் வைத்தால் எந்த நாளுக்குத்தான் மதிப்பு? பாதி வியாபாரிகள் கிளப்பிவிட்டது என்றே நினைக்கிறேன். ஒரு விலங்கு தன் நிழலைப் பார்த்தால் குளிர் நீளும் என்று நம்பும் மூடத்தனத்தை நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? 'வினோத தினங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? எதை எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

கொஞ்ச நாளாக நானும் இதே தேதியைத்தான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். மணி அடிக்கும் முன்பே வந்து சாக்பீஸோடு நிற்கிற ஆசிரியர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் திட்டப்போகிறேன்.

வியாபாரிகளை விடுங்கள். விற்பனைக்காகக் கிளப்பிய நாட்கள் இருக்கின்றன, அதில் பேச ஒன்றுமில்லை. உகுலேலேயும் அப்படியே போகட்டும். ஆனால் 'வினோத தினங்கள்' என்று எழுதுவதாக இருந்தால் அன்றைக்குப் பலகையைத் துடைத்துக் காலியாகவே விட்டுவிடுங்கள். அடுத்தவர் வீட்டுப் பண்டிகையைப் பார்த்துச் சிரிக்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதை அவர்கள் தானாகவே கற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் அடுக்கிய நாட்களில் பாதி ஒரே குடும்பம். கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்ததை நினைவுகூரும் விழா. அன்று தேவாலயத்தில் மெழுகுவர்த்திகளை மந்திரித்துக் கொடுப்பார்கள். வடக்கு நாடுகளில் அது குளிர்காலத்தின் ஏறத்தாழ நடுப்புள்ளியும்கூட. பாதிக் குளிர் போய்விட்டது, இன்னும் பாதி இருக்கிறது. குடியானவன் விறகையும் வைக்கோலையும் எண்ணிப் பார்க்கிற நாள். இரண்டிலும் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று பழமொழியே உண்டு. தெற்கு ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பண்ணையாட்களுக்கு அன்றுதான் வருடக் கணக்கு முடியும். கூலியை வாங்கிக்கொண்டு, பிடிக்காத எஜமானனை விட்டு வேறு பண்ணைக்குப் போகலாம். 1912 வரை பவேரியாவில் அது அரசு விடுமுறை. வருடம் முழுக்க மாட்டுக்கொட்டகையில் படுத்த ஒருவனிடம் போய் அது வினோத தினம் என்று சொல்ல முடியுமா?

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அத்தை கத்தோலிக்கர். பிப்ரவரி 2 பூசை முடிந்து வரும்போது கையில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். கரண்ட் போனால் அதை எடுக்க மாட்டார், அதற்கு மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று ஊளையிட்டு ஓடு தூக்கும் இரவில்தான் அது வெளியே வரும். ஏற்றி வைத்துவிட்டு ஜெபமாலை சொல்வார். பயம் தெளியட்டும் என்று அம்மா என்னையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பாள். அத்தையின் மாமியார் கிடையில் விழுந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அதே மெழுகுவர்த்தியின் மிச்சக் கட்டையைப் பற்றவைத்து, கிழவியின் விரல்களைத் தன் கையால் சேர்த்துப் பிடித்து ஏந்த வைத்தார். மெழுகு வழிந்து பாயில் சொட்டியது. எல்லாம் முடிந்த பிறகு, அழுதுகொண்டே, கோரையில் ஒட்டியிருந்த அந்த மெழுகைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மெழுகுவர்த்தி வருகிற நாள்தான் எனக்கு பிப்ரவரி 2. ஒரு நாளின் மதிப்பை அதற்குப் பிறகு நான் ஒரே விதத்தில்தான் பார்க்கிறேன். அது மனிதரிடம் ஏதாவது கேட்கிறதா? ஒன்றைச் செய்யச் சொல்கிறதா, வாங்கி வைக்கச் சொல்கிறதா, விட்டுக்கொடுக்கச் சொல்கிறதா? கேட்டால் அது நாள். அதை எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை.

இப்போது நீங்கள் மூடத்தனம் என்று சொன்னதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கிரவுண்ட்ஹாக் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளையில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஒரு பருத்த கொறிவிலங்கு. ஜெர்மன் குடியானவர்கள் ஊரில் இருந்தவரை பிப்ரவரி 2 அன்று பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கைப் பார்த்தார்கள். வெயில் அடித்து அது தன் நிழலைக் கண்டால் குளிர் நீளும், மேகம் போட்டிருந்தால் குளிர் சீக்கிரம் விலகும். அந்தப் பக்கத்தில் நடுக்குளிரில் வானம் தெளிந்திருந்தால் வறண்ட கடுங்குளிர் என்று அர்த்தம், மேகம் வந்தால் கடலிலிருந்து கதகதப்பான காற்று வருகிறது என்று அர்த்தம். இதைக் கவனித்தவர்கள் சொன்ன சொல் அது. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனபோது அதையும் கூடவே கொண்டுபோனார்கள், பேட்ஜரின் இடத்தில் அங்கே கிடைத்த கிரவுண்ட்ஹாக்கை வைத்தார்கள். 1841-லேயே அங்கே ஒரு கடைக்காரர் தன் நாட்குறிப்பில் இதை ஜெர்மன்காரர்களின் வழக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார். பங்ஸடானி என்ற சிற்றூரில் 1887 முதல் குன்றேறிப் போய்ப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியில் வருவது அதுதான். அதன் கணிப்பு பாதிக்கு மேல் தவறுகிறது. தவறட்டும்.

நான் சொல்ல வந்தது தொலைக்காட்சியில் வராத கூட்டத்தைப் பற்றி. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. பல மாநிலங்களில் பள்ளியிலிருந்து அந்த மொழியை எடுத்தார்கள். தலைமுறைகளாகப் பென்சில்வேனியாவில் வாழ்ந்து தங்களுக்கென்று ஒரு வட்டார ஜெர்மனை வளர்த்து வைத்திருந்தவர்கள், பிள்ளைகளிடம் அதைப் பேசத் தயங்கினார்கள். அப்புறம் 1934 பிப்ரவரி 2 அன்று, அங்கே லீஹாய் ஆற்றுப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். பெயர் கிரவுண்ட்ஹாக் சங்கம், அதையும் தங்கள் மொழியில் 'கிருண்ட்ஸௌ' என்றே வைத்தார்கள். சாப்பாடு, பாட்டு, நாடகம், சிரிப்பு எல்லாம் உண்டு. ஒரே ஒரு விதி: யாரும் ஆங்கிலம் பேசக்கூடாது. வாய் தவறி ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் அங்கேயே சில்லறைக் காசு அபராதம் கட்ட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள் வி. மொழிக்காக ஒரு மாநாடு என்று அறிவித்திருந்தால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் துணிந்து வந்திருப்பார்கள்? ஒரு கொறிவிலங்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வந்தார்கள். பாட்டனின் பேச்சை ஒரு ராத்திரியாவது முழுதாகப் பேசிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் சங்கங்கள் கிளம்பின. அந்த மொழியைக் கேட்டு வளராத பேரப்பிள்ளைகள் அந்த மேசையில்தான் அதைக் கேட்டார்கள். மொழிக்காக உயிரையே கொடுத்த ஊரில் இருந்துகொண்டு இதை மூடத்தனம் என்று நீங்கள் எழுதலாமா? எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்சிகோவில் ஜனவரி 6 அன்று வெட்டும் ரொட்டிக்குள் ஒரு குட்டிப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலே என்ற, சோளமாவைப் பொதிந்து அவிக்கும் பலகாரம் செய்து போட வேண்டும். பிரேசிலின் சால்வடார் நகரில், ரியோ வெர்மெல்யோ கடற்கரையில், மீனவர்கள் கடல்தாய் யெமான்ஜாவுக்குப் பூவும் வாசனைத் தைலமும் கூடை கூடையாகப் படகில் கொண்டுபோய் அலையில் விடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களோடு வந்த தெய்வம் அவள்.

ஈரநில நாள் மட்டும்தான் நம் எல்லாரையும் தொடுகிறது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கக் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நினைவாக 1997 முதல் நடக்கிறது. கோடியக்கரைக்கு 2002-லும் பள்ளிக்கரணைக்கு 2022-லும் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெயர், கிடைத்தது. ஆனால் அந்த நாளில் நாம் செய்வதென்ன? பேனர், உறுதிமொழி, புகைப்படம். அது நம்மிடம் எதையும் கேட்கவில்லை, நாமும் கேட்க விடவில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் போய்ப் பாருங்கள். வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சாசனமும் சொல்லாமல், ஏங்குகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்திக்கொண்டு, தலைமுறைகளாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

எதை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயோ குளமோ இருக்கும். அன்று காலை பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்து அரை மணி நேரம் பறவைகளை எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் கால் நிறம், அலகு நீளம் என்று எழுதட்டும். திரும்பி வந்து அந்த எண்ணிக்கையை அவர்களே பலகையில் எழுதட்டும். அடுத்த வருடம் வருகிற வகுப்பு ஒப்பிட்டுப் பார்க்க அதை ஒரு நோட்டில் ஏற்றி வையுங்கள். என்னென்ன வந்தன என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா