நாலரை வயசுப் பையனுக்குப் பண்டிகை லீவில் கணக்கை எப்படி விளையாட்டாகச் சொல்லித் தரலாம்?

பையன் 50 வரை கடகடவென்று சொல்கிறான், ஆனால் எதையாவது எண்ணச் சொன்னால் குழம்பிவிடுகிறான், லீவுக்கு ஒர்க்‌ஷீட் புத்தகம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த லீவுக்கு வாங்காதீர்கள். வீட்டில் பண்டிகை வேலை நடக்கும்போது எண்ணிக்கை சரியாக வந்தே ஆகவேண்டிய ஒரு சின்ன வேலையை அவன் கையில் கொடுங்கள், அது போதும்.

எங்களுக்கு சேலம், குகைப் பக்கம் வீடு. என் மகள் எல்கேஜி படிக்கும்போது 100 வரை மூச்சு விடாமல் சொல்வாள், வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், "பாப்பா, வாசப்படிக்கு ஆறு அகல் எடுத்துட்டு வா" என்றேன். தாம்பாளத்தில் ஒன்பது வந்தது. எண்ணிப் பாரு என்றதும் விரலை அகல் மேல் ஓட்டிக்கொண்டே ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பாட ஆரம்பித்தாள். வாய் ஒரு வேகம், விரல் ஒரு வேகம். ஒரு அகலை இரண்டு தடவை தொட்டாள், இன்னொன்றைத் தொடாமலே தாண்டினாள், வாய் "ஆறு" என்றதும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் இன்னும் அகல் மிச்சம் இருந்தது. எண்களின் பெயர் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இது குழந்தையின் குறை கிடையாது. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், இந்த இரண்டும் பெரியவர்களுக்குத்தான் தானாக வருகிற விஷயம். எண்ணுவதற்குள் இப்படித் தனித்தனியான விதிகள் இருக்கின்றன என்று ஜெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே பிரித்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் பையன் ஏழு பொருளை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். ஏழு என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், இரண்டாவது விதி இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

சரி, அதற்கு நான் செய்தது. மறு வருஷக் கார்த்திகைக்கு எண்ணவே சொல்லவில்லை. காய்ந்த அகல் எட்டை வரிசையாக வைத்து, ஒவ்வொரு அகலுக்கும் ஒரு திரி போடு என்று மட்டும் சொன்னேன். திரி பத்து கொடுத்திருந்தேன். போட்டு முடித்ததும் அவளே "திரி ரெண்டு மிச்சம்மா" என்றாள். அப்புறம் அந்த எட்டையே நாலு நாலாக இரண்டு வரிசை, வட்டம், வாசல் நீளத்துக்கு இடைவெளி விட்டு ஒரே வரிசை என்று மாற்றி மாற்றி வைத்தோம். இடைவெளி விட்டு வைத்தபோது "இப்ப நிறைய ஆயிடுச்சு" என்றாள். குழந்தைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த பியாஜே என்ற உளவியலாளர் விளக்கிய விஷயம்தான் இது, ஆறேழு வயது வரைக்கும்கூடப் பிள்ளைகள் வரிசையின் நீளத்தைப் பார்த்து எண்ணிக்கை கூடிவிட்டது என்பார்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கலாமா என்றேன், எட்டுதான் வந்தது, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். இதையெல்லாம் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், விளக்கு ஏற்றிய பிறகு குழந்தை கை அங்கே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பூ. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வ.உ.சி. மார்க்கெட்டில் இரண்டு முழம் கதம்பம் வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் பூக்காரம்மா மாதிரியே முழங்கையில் வைத்து அளந்தவள், "அம்மா, மூணு முழத்துக்கும் மேல இருக்கு, அவங்க தெரியாம அதிகமா குடுத்துட்டாங்க, திருப்பிக் குடுத்துரலாம்" என்றாள். உண்மையிலேயே கவலைப்பட்டுக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் விளக்காமல் என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன். முழங்கையோடு முழங்கை சேர்த்துப் பார்த்தாள், என் விரல் எங்கே போய் முடிகிறது, அவள் விரல் எங்கே முடிகிறது என்று பார்த்தாள், அப்புறம் என் கையில் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு "உங்க கை பெருசு, அதான் முழம் கம்மியா வருது" என்றாள். அளக்கிற அளவு பெரிசானால் எண்ணிக்கை குறையும், இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கே புரியவைப்பது சிரமம். ஸ்கேல் எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று அவளிடம் நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தட்டுவடை சுடுவோம். சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், ஒரு தட்டுவடை மேல் சட்னி தடவி, துருவிய காரட் பீட்ரூட் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடினால் ஒரு செட். செட் போடுகிற வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது. பத்து தட்டுவடைக்கு எத்தனை செட் வரும், வீட்டில் ஆறு பேர் இருக்கிறோமே, இன்னும் எத்தனை தட்டுவடை வேண்டும் என்று பேசிக்கொண்டே போடுவார்கள். ஒருமுறை பதினொன்று இருந்தது, ஒன்றுக்கு மட்டும் மூடி இல்லை. ஒற்றைப்படை என்ற வார்த்தையைச் சின்னவன் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான், அந்த ஒற்றையையும் அவனே சாப்பிட்டான்.

கோலம் போடுகிற வீடு என்றால் நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள், பொடி அந்த வயதுக் கைக்கு நிற்காது. மூன்றாவது வரிசை வரை நீங்கள் வைத்துவிட்டு அடுத்தது எத்தனை என்று அவனைக் கேளுங்கள்.

லீவில் ஏற்காடு போனால் அதுவும் கணக்குதான். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, எண் போட்ட பலகையும் உண்டு. ஏறும்போது 1, 2, 3. இறங்கும்போது 20, 19, 18 என்று பின்னாலிருந்து வரும், பிள்ளைகளுக்குப் பின்னோக்கி எண்ணுவதுதான் கஷ்டம், பலகையைப் பார்த்துச் சொல்வதால் சுலபமாகப் பழகிவிடும். பன்னிரண்டாவது வளைவு வந்ததும் "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் இதை விட்டுவிடுங்கள், பாவம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் முன்னால் நிற்கவைத்து "எண்ணிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். நானே அப்படிச் செய்தேன், என் மகள் ஒரு மாதம் எண் என்றாலே ஓடினாள். அவசரமும் இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதுக்குள் அடிப்படைக் கணக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறது, உங்கள் பையனுக்கு நாலரைதான்.

வருகிற கார்த்திகைக்கு அவனிடம் நாலே நாலு அகலும் கொஞ்சம் திரியும் கொடுங்கள். "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்று அவன் கேட்டால் மட்டும் அடுத்த இரண்டை எடுத்துக் கொடுங்கள்.